யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது பல்கலைக்கழகம்?

கிரானில் பெரும்போகத்துக்கு விதைநெல்லும் உரமும் கடனாகக் கொடுக்கும் வியாபாரி, கேட்டு வந்தவரிடம் முதலில் விசாரிப்பது வயல் எந்தப் பக்கம் என்பதைத்தான். புலிபாய்ந்தகல் வீதிக்கு அப்பால், கோராவெளி, முறுத்தானை, பூலாக்காடு பக்கம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி கூடும். கார்த்திகை, மார்கழி மழைக்கு ஆறு பெருகி, வீதி தண்ணீருக்குள் போய், சனம் தோணியில் வந்துபோகும் நாட்களில் அந்தப் பக்கத்து வெள்ளாமை என்ன பாடுபடும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று அவர் இருந்துவிடமாட்டார். பத்துப் பேரும் ஒரே பள்ளத்து வட்டையில் விதைத்திருந்தால், வெள்ளம் பத்துக் கடனையும் சேர்த்தே கொண்டுபோகும்.

கிரானிலிருந்து சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி தாண்டித் தெற்கே போனால் வந்தாறுமூலை. 1981 ஓகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக இங்கே தொடங்கியதுதான் 1986 ஒக்டோபர் 1இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. போரையும், 1990இல் அதன் வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் பிடித்துச் செல்லப்பட்ட கொடுமையையும், சுனாமியையும் கடந்து நிற்கும் நிறுவனம் அது. கிரானிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் பெற்றவர்கள் பலருக்கு அதுதான் வாசல். அப்படிப்பட்ட அரச பல்கலைக்கழகம் ஒன்றின் கையில் இருக்கும் பணம், ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்குக் கடனாகப் போயிருக்கிறது என்பதைப் பேசவே இந்தக் கட்டுரை. அந்த வியாபாரி கேட்கும் கேள்விகளை அந்தப் பணத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

வைப்பு என்றால் கடன்

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களின் பெருஞ்செலவு திறைசேரியின் மானியத்தில் நடக்கிறது. சம்பளம், மின்சாரக் கட்டணம், கட்டட வேலை என்று வந்த வேகத்திலேயே அது போய்விடும். ஆனால் வேறு பணமும் சேர்கிறது. வெளிவாரிப் பட்டங்களுக்கும் பட்டப்பின் படிப்புகளுக்கும் வரும் கட்டணம், செலவழியாத ஆய்வு நிதி, மாணவர் கட்டிய முற்பணம், ஊழியருக்குப் பிற்காலத்தில் கொடுக்க வேண்டிய பணிக்கொடைக்கான ஒதுக்கீடு ஆகியவை அதில் அடங்கும். பெற்றோர் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ ஒருவர் தந்த தொகையின் வட்டியில் ஆண்டுதோறும் தங்கப்பதக்கம் கொடுக்கும் அறக்கொடைகளும் உண்டு. இவையெல்லாம் நிலையான வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும் போடப்படுகின்றன.

இவற்றுக்கு வெளியே இன்னும் பெரிய நிதிகள் இருக்கின்றன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் வரும் பல்கலைக்கழக சேமலாப நிதியம், விரிவுரையாளரிலிருந்து காவலாளி வரை எல்லோருடைய முதுமைக்கும் சேர்ப்பது. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மகாபொல நம்பிக்கை நிதியம், வசதி குறைந்த பிள்ளையின் விடுதிச் சாப்பாட்டுக்கும் பஸ் காசுக்கும் மாதாமாதம் கைகொடுப்பது.

நிலையான வைப்பு என்றதும் பணம் வங்கியின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு. உண்மையில் வைப்பிட்ட அன்றே அந்தப் பணம் வங்கியுடையது. பல்கலைக்கழகத்தின் கையில் மிஞ்சுவது, இன்ன திகதியில் இன்ன வட்டியோடு திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதி மட்டும்தான். வாக்குக் கொடுத்தவர் தவறிவிடக்கூடிய சாத்தியமே கடன் இடர். அதிகமாகக் கிடைக்கும் ஒவ்வொரு வீத வட்டியும் அந்தச் சாத்தியத்தின் விலை.

வட்டமிடப்படும் எண்

அரச நிறுவனங்களில் வைப்பொன்று முதிர்ச்சியடையும் வாரத்தில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நாலைந்து வங்கிகளிடம் வட்டி வீதம் கேட்டுக் கடிதம் போகும். பதில்கள் வந்ததும் ஒரு தாளில் வரிசையாக எழுதுவார்கள். நிறுவனத்தின் பெயர், காலம், வீதம் என்று மூன்று நிரல்கள். கூடிய வீதத்தைச் சுற்றி ஒரு வட்டம். கையொப்பங்கள் விழும், காசோலை போகும்.

அந்தத் தாளில் நான்காவது நிரல் இல்லை. இவர் ஏன் மற்றவர்களைவிடக் கூடத் தருகிறார், திருப்பித் தர இவரிடம் என்ன இருக்கிறது, ஏற்கெனவே இவரிடம் நமது பணம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. இதை அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்காய்வின் பயம் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதுதான் காரணம். குறைந்த வட்டிக்குப் போட்டால், நிறுவனத்துக்கு ஏன் நட்டம் வரச் செய்தீர் என்று ஐயவினா வரும். நாளைக்குப் பாராளுமன்றத்தின் கோப் குழு முன் நின்று விளக்க வேண்டியும் வரலாம். கூடிய வட்டிக்குப் போட்டதற்கு, அந்த நிறுவனம் விழும் நாள் வரை யாரும் விளக்கம் கேட்பதில்லை. இப்படியோர் ஏற்பாட்டுக்குள் இருக்கும் நிதியாளர் எந்தப் பக்கம் சாய்வார்?

வட்டி இறங்கும் காலத்தில் சாய்வு இன்னும் கூடும். 2020 ஜூலையில் மத்திய வங்கி தனது துணைநில் வைப்பு வசதி வீதத்தை 4.5 ஆகக் குறைத்தபோது, வட்டியில் ஓடும் ஒவ்வோர் அறக்கொடையும் தேய்ந்தது. தங்கத்தின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. பதக்கத்துக்குக் காசு போதாது என்ற நெருக்கடியில், ஒன்றிரண்டு வீதம் கூடத் தரும் நிதிக் கம்பனியின் கடிதம் மேசைக்கு வந்தால் கை தானாகவே அங்கே போகும்.

விழுந்தவர்களின் வரிசை

இந்த நாட்டில் அப்படிப் போன கைகள் சுட்டுக்கொண்ட வரலாறு நீளமானது. 2002இல் பிரமுக சேமிப்பு, அபிவிருத்தி வங்கியின் உரிமம் இடைநிறுத்தப்பட்டது. 2008 டிசம்பரில் செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி சரிந்தது. மத்திய வங்கியின் அனுமதியே இல்லாமல் வைப்பு வாங்கி, வேறெங்கும் கிடைக்காத வட்டி கொடுத்துவந்த கம்பனி அது. அதன் அதிர்ச்சியில் அதே குழுமத்தின் உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளிலும் சனம் வரிசையில் நின்றது. 1940இல் தொடங்கி, பெயரே நம்பிக்கையாக இருந்த தி ஃபினான்ஸ் கம்பனி அந்த அடியிலிருந்து எழவேயில்லை. 2020 மேயில் அதன் உரிமம் இரத்தானது. இடையில் 2018இல் சென்ட்ரல் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அன்ட் ஃபினான்ஸ், ஸ்டான்டர்ட் கிரெடிட் ஆகியவை போயின. 2020 ஜூலையில் ஈ.டி.ஐ. ஃபினான்ஸ் போனது.

வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று கேட்கலாம். 2010இல் தொடங்கிய அந்தத் திட்டம், 2021இலிருந்து ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் அதிகபட்சம் 11 இலட்சம் ரூபாய் தருகிறது. கிரானில் கடை வைத்திருப்பவரின் சேமிப்புக்கு அது பெரிய ஆறுதல். கோடிக்கணக்கில் வைப்பிடும் நிறுவனத்துக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம்.

எல்லா அடியும் நிதிக் கம்பனியிலிருந்துதான் வரும் என்றும் இல்லை. 2016இன் தொடக்கத்தில் என்ட்ரஸ்ட் செக்கியூரிட்டீஸ் என்ற, அரச பிணையங்களை விற்கும் முதனிலை வணிகரின் நிர்வாகத்தை மத்திய வங்கி தேசிய சேமிப்பு வங்கியிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. அங்கே பணம் போட்டவர்கள் அரச பிணையத்தை நம்பிப் போட்டவர்கள். ஆனால் கொடுத்த பணம் முழுவதற்கும் பிணையங்கள் அவர்கள் பெயரில் இருக்கவில்லை. கையில் இருந்த கடிதத்தில் அரசாங்கத்தின் பெயர் இருந்தது. கடன் போனதோ இடையில் நின்ற கம்பனிக்கு. இன்றைக்கும் திறைசேரி உண்டியல் வாங்கும் எந்த நிறுவனமும் வணிகர் தரும் கடிதத்தோடு நின்றுவிடாமல், மத்திய வங்கியின் லங்காசெக்கியூர் ஏட்டில் தன் பெயரில் எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று தானே பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை அது.

படித்தவர்களும் தப்பவில்லை

பெரிய பல்கலைக்கழகங்கள் இதையெல்லாம் கடந்தவை என்ற நினைப்பும் சரியல்ல. 2008 ஒக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தபோது, பிரித்தானியாவின் பல பல்கலைக்கழகங்களின் பணம் அங்கே மாட்டியது. ஒக்ஸ்போர்டின் பணம் மட்டும் ஏறக்குறைய 3 கோடி பவுண். அந்த வங்கிகளுக்கு 2007 பெப்ரவரியில் மூடிஸ் நிறுவனம் தனது மிக உயர்ந்த தரத்தையே கொடுத்திருந்தது. தரத்தை நம்பி, ஒன்றுக்கு மூன்றாகப் பிரித்துப் போட்டவர்களுக்கும் தீவு ஒன்றுதான் என்பது அந்த வாரத்தில் புரிந்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன், 2008 செப்டம்பர் 29இல், அமெரிக்காவில் ஆயிரம் அளவிலான கல்லூரிகளும் பாடசாலைகளும் அன்றாடச் செலவுப் பணத்தை வைத்திருந்த கொமன்ஃபண்ட் குறுங்கால நிதியத்தை, அதன் பொறுப்பாளரான வக்கோவியா வங்கி முடக்கியது. 930 கோடி டொலர் கிடந்த நிதியத்தில் முதலில் 10 வீதத்தைத்தான் எடுக்க விட்டார்கள். பணம் பின்னர் படிப்படியாக வந்தது. ஆனால் சம்பள நாள் படிப்படியாக வருவதில்லை.

இந்தியாவில் 2019இல் உத்தரப் பிரதேச மின்வாரிய ஊழியரின் சேமலாப நிதியில் இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல், டி.எச்.எஃப்.எல். என்ற தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் சிக்கியது. பொறியியலாளரும் தொழிலாளரும் தெருவில் இறங்கிய பின்பே அந்தப் பணம் எங்கே கிடந்தது என்று ஊருக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி முடக்கப்பட்டபோது பூரி ஜெகந்நாதர் கோயிலின் 545 கோடி ரூபாயும் அங்கே இருந்தது. கோயிலுக்குப் பணம் திரும்பிவிட்டது. மின்வாரிய ஊழியருக்கு மாநில அரசு பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

எல்லோரும் ஒரே வட்டையில்

இவ்வளவையும் படித்த கவனமான நிதியாளர் ஒருவர் என்ன செய்வார்? நிதிக் கம்பனிகளை விட்டு விலகுவார். அரச வங்கிகள் இரண்டு, பெரிய தனியார் வங்கிகள் இரண்டு, மிச்சம் திறைசேரி முறி என்று ஐந்தாகப் பிரிப்பார். பாடப்புத்தகத்தின்படி இது சரி. இலங்கையில் இது போதாது. இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதைத்தான்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் ஆபத்தே இல்லாத கடனாளி என்று எழுதப்பட்டிருக்கும் அரசே தவறியது. அந்த ஆண்டு திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வங்கிகளின் நிலையும் வேறல்ல. அரச முறிகளும் உண்டியல்களும் அவற்றின் சொத்தில் கணிசமான பகுதி. அரச வங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் மின்சார சபைக்கும் கொடுத்த கடன்களும் கடைசியில் அதே திறைசேரியின் வாசலில்தான் போய் நின்றன. பிரித்துப் போட்ட ஐந்து வைப்பும் ஒரே கடனாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தன.

பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் வருமானமும் அதே கடனாளியிடமிருந்துதான் வருகிறது. 2022 ஏப்ரலில் அரச செலவைக் கட்டுப்படுத்தத் திறைசேரி சுற்றறிக்கை விட்டபோது கட்டட வேலைகள் நின்றன, கொள்வனவுகள் சுருங்கின. எந்த நாளில் சேமிப்பில் கைவைக்க வேண்டி வருமோ, அந்த நாளிலேயே சேமிப்பை வாங்கியவரும் தள்ளாடுவார். தனியார் கம்பனி ஒன்றுக்கோ வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்றுக்கோ இந்தப் பிணைப்பு இவ்வளவு இறுக்கமாக இல்லை.

கடன் தர மதிப்பீட்டுத் தாளும் இந்த இடத்தில் உதவாது. ஓர் உள்ளூர் வங்கிக்கு ஃபிட்ச் போன்ற நிறுவனங்கள் தரும் தேசிய அளவுகோல் தரம், இலங்கைக்குள் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் இது எந்தப் படியில் நிற்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நாடே தாழ்ந்தால் எல்லாப் படிகளும் சேர்ந்தே தாழும். 2022 மேயில் ஃபிட்ச் இலங்கை அரசின் வெளிநாட்டு நாணயத் தரத்தை, கடன் தவறிய நிலைக்கு இறக்கியது. அதன் பிறகும் உள்ளூர் நிறுவனங்களின் விளம்பரங்களில் நல்ல நல்ல எழுத்துகளைப் பார்த்தோம். அந்த எழுத்துகள் பொய்யில்லை. அவை பதில் சொல்லும் கேள்வி வேறு.

காலம் என்ற காப்பு

2023 ஜூன் இறுதியில் வந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை ஒவ்வொரு பல்கலைக்கழகப் பேரவையும் பாடமாகப் படிக்க வேண்டும். யார் தப்பினார், யார் சுமந்தார் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. வங்கிகளிடம் இருந்த ரூபாய் முறிகள் தொடப்படவில்லை. திறைசேரி உண்டியல்களில் மத்திய வங்கியிடம் இருந்தவை மட்டுமே மாற்றப்பட்டன. சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களின் நீண்டகால முறிகள் மீது. பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்க வேண்டும். வட்டி 2025 வரை 12 வீதம், அதன் பின் 2038 வரை 9 வீதம். மாற்றிக்கொள்ள மறுத்தால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீத வரி.

கடனாளியும் ஒருவர், தவணை தவறியதும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில். இருந்தும் 91 நாள் உண்டியல் வைத்திருந்தவர் முழுப் பணத்தையும் வாங்கினார். பதினைந்து ஆண்டு முறி வைத்திருந்த தொழிலாளியின் நிதியம் விட்டுக்கொடுத்தது. இது அநியாயம் என்று அப்போதே தொழிற்சங்கங்கள் சொல்லின. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க உழைத்தவரின் முதுமையில் கைவைத்து நாட்டுக் கணக்கைச் சரிசெய்தது எந்த வகையிலும் சரியல்ல. ஆனால் முதலீட்டைக் கவனிப்பவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாக வேண்டும். வெளிநாட்டில் முதலிடச் செலாவணி விதிகள் எளிதில் இடம்தராத நாட்டில், எல்லோரும் ஒரே வட்டையில் விதைத்தே ஆக வேண்டும். அப்போது கையில் மிஞ்சும் முக்கியமான காப்பு காலம்தான். இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பத்து ஆண்டுக்குக் கொடுக்கக்கூடாது. விடுதிக் கூரைக்கான பணம், பரீட்சைச் செலவுக்கான பணம், அடுத்த வருடம் ஓய்வுபெறுவோரின் பணிக்கொடை ஆகியவை மூன்று, ஆறு மாத உண்டியல்களாக, ஒன்றன்பின் ஒன்றாக முதிரும்படி இருக்க வேண்டும். உண்மையிலேயே நீண்டகாலப் பணமான அறக்கொடையின் ஒரு பகுதி மட்டும் நீண்ட முறியில் இருக்கலாம்.

நான்காவது நிரல்

எழுதப்பட்ட விதி ஒன்று வேண்டும். எந்த வங்கியானாலும் மொத்தத்தில் இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற எல்லை, தாய்க் கம்பனியையும் அதன் நிதிக் கம்பனியையும் ஒரே கடனாளியாக எண்ணும் எல்லை. மற்றவர்களைவிட ஒரு வங்கி கணிசமாகக் கூட வட்டி சொன்னால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதியாமல் பணம் போகக்கூடாது. ஒப்பீட்டுத் தாளில் அந்த நான்காவது நிரலைச் சேர்த்தால், குறைந்த வட்டியைத் தெரிந்தெடுத்த அதிகாரிக்குக் கணக்காய்வின் முன் காட்ட ஒரு பத்திரம் கிடைக்கும். விதியின் பெரிய பயன் அதுதான் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்பவருக்கு முதுகெலும்பாக அது இருக்கும்.

அந்த நிரலை நிரப்ப நிபுணர் யாரையும் கொழும்பிலிருந்து அழைக்கத் தேவையில்லை. வங்கிகள் காலாண்டுதோறும் தங்கள் கணக்குகளைத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுகின்றன. பெரும்பாலானோர் புரட்டிவிடும் பக்கம் அது. அதில் மொத்த மூலதனப் போதுமை விகிதம் என்ற வரியைப் பாருங்கள். சட்டம் கேட்கும் ஆகக்குறைந்த அளவு 12.5 வீதம், பெரிய வங்கிகளுக்கு இன்னும் கூட. ஒரு வங்கி அந்த வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறதா? மூன்றாம் கட்டக் கடன், அதாவது திரும்பி வராமல் கிடக்கும் கடன், மொத்தக் கடனில் எத்தனை வீதம்? சென்ற காலாண்டைவிடக் கூடியிருக்கிறதா? இந்த எண்களை நான்கு காலாண்டு தொடர்ந்து ஒரே தாளில் எழுதிவைத்தால், தரமதிப்பீடு மாறும் முன்பே சரிவு கண்ணுக்குப் படும். வந்தாறுமூலையில் வணிக, முகாமைத்துவ பீடம் இருக்கிறது. இந்தத் தாளைத் தயாரிப்பது இறுதியாண்டு மாணவருக்கு நல்ல செய்முறைப் பயிற்சியாகவும் அமையும்.

அடுத்தது, வெளிப்படையாகச் சொல்லுதல். பல்கலைக்கழகக் கணக்குகளைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி பரிசோதிக்கிறார், ஆண்டறிக்கை பாராளுமன்றத்துக்குப் போகிறது. அந்த அறிக்கைகளில் முதலீடு என்ற வரிக்கு எதிரே ஒரு மொத்தத் தொகை மட்டும் இருந்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. எந்த நிறுவனத்திடம் எவ்வளவு, எப்போது முதிரும் என்ற அட்டவணை ஒன்று அரைப் பக்கத்தைத்தான் எடுக்கும். மாணவர் சங்கமும் ஊழியர் சங்கமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் அப்படியோர் அட்டவணை ஊழியர் கையில் இருந்திருந்தால், டி.எச்.எஃப்.எல். என்ற பெயரை அவர்கள் பத்திரிகையில் வந்த பிறகு படித்திருக்க மாட்டார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் சர்வதேச முறிகளின் மாற்றீடு முடிந்தது. 2023ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க வங்கித்தொழில் விசேட ஏற்பாடுகள் சட்டம், தடுமாறும் வங்கியைக் கையாள மத்திய வங்கிக்குக் கூடுதல் அதிகாரம் தந்திருக்கிறது. நிலைமை தேறுகிறது. அதோடு வட்டியும் இறங்கிவிட்டது. மத்திய வங்கி 2025 மேயில் கொள்கை வீதத்தை 7.75 ஆக்கியது. 2022இல் 30 வீதம் பார்த்த கண்ணுக்கு இன்றைய வைப்பு வீதம் சோர்வைத் தருகிறது. முன்னைய சரிவுகள் பலவற்றுக்கும் முன்னால், ஒன்றிரண்டு வீதம் கூடக் கேட்ட இப்படியொரு காலம் இருந்தது. நெருக்கடி வந்த பின் எழுதப்படும் விதி, போன பணத்துக்கு எழுதும் விளக்கமாகவே இருக்கும். முதலீட்டு விதியையும் நான்காவது நிரலையும் அரைப் பக்க அட்டவணையையும் பேரவைகள் இந்த ஆண்டின் கூட்டம் ஒன்றிலேயே நிகழ்ச்சிநிரலில் சேர்க்கலாம். அதற்குத் திறைசேரியின் அனுமதியும் வேண்டாம், ஒரு சதப் பணமும் வேண்டாம்.